பச்சைச் சட்டையும் ஒரு பின்குறிப்பும்: பேரி ஹீட்லியின் கதையை ஏன் பாதியிலேயே நிறுத்துகிறார்கள்?

பேரி ஹீட்லி என்கிற பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு சட்டை. தென் ஆப்பிரிக்க ரக்பி அணியின் பச்சைச் சட்டை. அந்த நிறத்தை அணிக்குக் கொடுத்தவர் இவர்தான் என்று ரக்பி சரித்திரம் எழுதுகிற எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். அதற்கப்புறம், போனால் போகிறது என்கிற மாதிரி கடைசியில் ஒரு வரி வரும்: பிறகு அர்ஜென்டினாவுக்குப் போனார், அங்கேயும் ஒரு ஆட்டம் ஆடினார்.

என் புகார் இந்தக் கடைசி வரி மேலேதான். ஒரு மனுஷன் ஒரு நாட்டில் சுமார் இருபது வருஷம் இருந்திருக்கிறார். தென் அமெரிக்க ரக்பியின் முதல் சர்வதேச ஆட்டம் என்று இன்றைக்குப் பதிவேட்டில் இருக்கிற ஆட்டத்தில் இறங்கியிருக்கிறார். அதைப் பின்குறிப்பில் தள்ளிவிட்டு, இரவல் கொடுத்த சட்டையைத் தலைப்பில் வைத்தால் எங்கேயோ கணக்கு இடிக்கிறது இல்லையா? எங்கே இடிக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் ஆளைப் பற்றி. ஹீட்லி பிறந்தது 1872இல், கேப் காலனியில், வூஸ்டர் பக்கம். படித்தது கேப் டவுனில் இருந்த டயோசீசன் காலேஜ் என்கிற ஆங்கிலேயப் பள்ளியில். ஆறடிக்கு மேல் உயரம், ஃபார்வர்ட் வரிசையில் முட்டி மோதுகிற ஆட்டக்காரர். பட்டப்பெயர் என்ன தெரியுமா? ஃபேரி, அதாவது தேவதை! நம்ம ஊரில் குண்டாக இருக்கிறவரை ஒல்லிக்குச்சி என்று கூப்பிடுகிற அதே குசும்புதான்.

1891இல் பிரிட்டிஷ் அணி முதன்முதலாகத் தென் ஆப்பிரிக்காவுக்கு வந்தது. சிசில் ரோட்ஸ் பணப் பொறுப்பு ஏற்ற சுற்றுப்பயணம் அது. வந்தவர்கள் ஆடின எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். மொத்தப் பயணத்திலும் எதிரணிகள் எடுத்தது ஒரே ஒரு புள்ளி. அந்தத் தொடரில்தான் ஹீட்லி 19 வயசில் அறிமுகம் ஆகிறார். அப்புறம் 1896, அப்புறம் 1903. மொத்தம் ஆறு டெஸ்ட். 12 வருஷத்துக்கு ஆறு ஆட்டம் என்றால் இப்போதைய கண்ணுக்குக் குறைவாகத் தெரியும். ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் தென் ஆப்பிரிக்கா ஆடின தொடரே அந்த மூன்றுதான். மூன்றிலும் இருந்தவர் இவர்.

சட்டைக் கதைக்கு வருவோம். 1896 செப்டம்பர் 5, கேப் டவுன் நியூலேண்ட்ஸ் மைதானம். பிரிட்டிஷ் அணிக்கு எதிரான நாலாவது டெஸ்ட். முதல் மூன்றும் தோல்வி. அந்தக் காலத்தில் எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர்க்காரர் கேப்டன் ஆவது வழக்கம். அணிக்கென்று நிரந்தரமாக ஒரு நிறம்கூடக் கிடையாது. கேப் டவுன் ஆட்டத்துக்கு ஹீட்லி கேப்டன். தன்னுடைய பள்ளியின் பழைய மாணவர்கள் கிளப், ஓல்டு டயோசீசன்ஸ், அதன் பச்சைச் சட்டைகளை அணிக்குக் கொடுத்தார். லாரார்ட் ஒரு ட்ரை வைத்தார், ஹெப்பர்ன் அதை கன்வெர்ட் செய்தார், 5-0. தென் ஆப்பிரிக்காவின் முதல் டெஸ்ட் வெற்றி.

ஏழு வருஷம் கழித்து 1903இல் மறுபடியும் அதே மைதானம். முதல் இரண்டு டெஸ்ட்டும் டிரா. மூன்றாவதுக்கு ஹீட்லி கேப்டன், மறுபடியும் பச்சை, 8-0. முதல் தொடர் வெற்றி. பச்சை ராசியான நிறம் ஆகிவிட்டது. 1906இல் பால் ரூஸ் தலைமையில் பிரிட்டன் போன அணி பச்சையோடும் ஸ்பிரிங்பாக் மான் சின்னத்தோடும் போனது. அதற்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

நல்ல கதைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதை ஒரு தேசத்தின் நிறம் பிறந்த கதையாகச் சொல்லும்போது மூன்று விஷயம் மறைந்துபோகிறது.

ஒன்று, அப்போது தென் ஆப்பிரிக்கா என்று ஒரு நாடே இல்லை. கேப், நடால் இரண்டும் பிரிட்டிஷ் காலனிகள். டிரான்ஸ்வாலும் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டும் போயர்களின் குடியரசுகள். 1896 தொடருக்குச் சில மாசம் முன்னால்தான் ஜேம்சன் என்கிற ஆள் ஒரு படையைத் திரட்டிக்கொண்டு டிரான்ஸ்வாலுக்குள் புகுந்து மாட்டிக்கொண்டார். அடுத்த மூன்று வருஷத்தில் இந்த இரண்டு பக்கமும் போரில் இறங்கிவிட்டன. ரக்பி போர்டு மட்டும் 1889இலேயே எல்லாரையும் சேர்த்துத் 'தென் ஆப்பிரிக்கா' என்று பெயர் வைத்துக்கொண்டது. நாடு பிறப்பதற்கு 21 வருஷம் முன்னாலேயே அதற்கு ரக்பி டீம் தயார்!

இரண்டாவது, ஒரு ஆட்டக்காரருக்கு ஒரே நாடு என்கிற எண்ணமும் அப்போது இல்லை. 1903 தொடரின் முதல் டெஸ்ட்டில் தென் ஆப்பிரிக்காவின் கேப்டன் அலெக்ஸ் ஃப்ரூ, ஒரு டாக்டர். இரண்டு வருஷம் முன்னால்தான் ஸ்காட்லாந்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். எதிரணி கேப்டன் மார்க் மாரிசன், ஸ்காட்லாந்தில் அதே ஃப்ரூவுக்குக் கேப்டனாக இருந்தவர். யாரும் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே குடியிருக்கிறாயோ, எந்தக் கிளப்பில் ஆடுகிறாயோ, அதுதான் உன் அணி. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது புதுசு இல்லை. பட்டோடி நவாப் இஃப்திகார் அலி கான் முதலில் இங்கிலாந்துக்கு ஆடினார், 1946இல் இந்தியாவுக்குக் கேப்டன். ஆனால் பட்டோடியைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு பாதியையும் எழுதுகிறார்கள். ஹீட்லிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு உறுத்துகிறது. கேப் டவுனில் ரக்பி வெள்ளைக்காரர் ஆட்டமாக மட்டும் இருந்ததே இல்லை. ஹீட்லி பள்ளிப் பையனாக இருந்த 1886இலேயே அங்கே வெஸ்டர்ன் பிராவின்ஸ் கலர்டு ரக்பி யூனியன் தொடங்கிவிட்டது. 1890களின் கடைசியில் கறுப்பின, கலப்பின ஆட்டக்காரர்களுக்காக தேசிய அளவில் தனி போர்டே வந்து, ரோட்ஸ் பெயரில் ஒரு கோப்பையும் வந்தது. அதாவது அதே ஊரில், அதே ஆட்டத்தை, அதே வருஷங்களில் ஆடிக்கொண்டிருந்த ஆயிரம் பேரில் ஒருத்தருக்குக்கூட அந்தப் பச்சைச் சட்டை வாய்க்கவில்லை. எரல் டோபையஸ் 1981இல் அதைப் போட்டுக்கொண்டு டெஸ்ட்டில் இறங்கும்வரை, 85 வருஷம். ஒரு பள்ளியின் பழைய மாணவர் சட்டை தேசத்தின் சட்டை ஆயிற்று என்று புளகாங்கிதத்தோடு எழுதும்போது, அந்தப் பள்ளியில் யார் படிக்க முடிந்தது என்கிற கேள்வியும் கூடவே வரணும். சட்டைக் கதையின் நிஜமான கனம் அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான கட்டுரைகளில் அது வரவே இல்லை.

சரி, இப்போது பின்குறிப்பில் தள்ளப்பட்ட பாதிக்கு வருவோம்.

1903 வெற்றிக்குப் பிறகு கொஞ்ச நாளில் ஹீட்லி கப்பல் ஏறி அர்ஜென்டினா போய்விடுகிறார். அந்தக் காலத்தில் தென் ஆப்பிரிக்காவில் இருந்து அங்கே போனது அவர் ஒருத்தர் மட்டும் இல்லை. போரில் தோற்ற போயர் குடும்பங்கள் 1902 முதல் படகோனியாவின் சுபுட் பகுதியில் போய்க் குடியேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனது காற்றடிக்கிற வறண்ட நிலத்துக்கு. ஆங்கிலம் பேசுகிற ஹீட்லி போய்ச் சேர்ந்தது புவனோஸ் ஐரஸ். அது அப்போது கிட்டத்தட்ட பிரிட்டனின் இன்னொரு சந்தை மாதிரி. ரயில், பேங்க், இறைச்சித் தொழிற்சாலை எல்லாவற்றிலும் பிரிட்டிஷ் முதலீடு, பிரிட்டிஷ் ஆட்கள். அவர்களுக்கு அவர்களுடைய பள்ளிகள், அவர்களுடைய கிளப்புகள்.

ரக்பியும் அந்தக் கிளப்புகளோடதுதான். 1899இல் பெல்கிரானோ, புவனோஸ் ஐரஸ் எஃப்.சி., லோமாஸ், ஃப்ளோரஸ், ரொசாரியோ என்று ஐந்து கிளப் சேர்ந்து ரிவர் பிளேட் ரக்பி யூனியனைத் தொடங்கினார்கள். பெயரிலேயே ஆங்கிலம். முதல் பன்னிரண்டு வருஷத்துப் பட்டமும் இந்த மாதிரி பிரிட்டிஷ் கிளப்புகளுக்குள்ளேயேதான் சுற்றிச் சுற்றி வந்தது.

கால்பந்து இன்னொரு பக்கம் வேகமாகத் தெருவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ரக்பி இறங்கவில்லை. அதற்கு மைதானம் வேண்டும், ஒரு கிளப் வேண்டும், சனிக்கிழமை மத்தியானம் லீவு கிடைக்கிற வேலை வேண்டும். 1904இல் புவனோஸ் ஐரஸ் பல்கலைக்கழகத்து இன்ஜினியரிங் மாணவர்கள் ஒரு டீம் சேர்த்ததும், ஹிம்னாசியா இ எஸ்கிரிமா என்கிற உள்ளூர்க்காரர் கிளப் ரக்பியை எடுத்துக்கொண்டதும்தான் முதல் மாற்றம். உள்ளூர்க்காரர் என்றால் கிரியோஜோ, அதாவது ஸ்பானிஷ் பேசி வளர்ந்த அந்த மண்ணின் ஆட்கள்.

ஹீட்லி சேர்ந்தது எந்தக் கிளப்பில்? பெல்கிரானோவில் இல்லை, லோமாஸில் இல்லை. ஹிம்னாசியாவில்! தென் ஆப்பிரிக்காவுக்கு இரண்டு தடவை கேப்டனாக இருந்து இரண்டிலும் ஜெயித்தவர், ஆங்கிலேயப் பள்ளியில் படித்தவர், உள்ளூர்க்காரர் கிளப்புக்கு ஆடியிருக்கிறார். என் கணக்கில் இவருடைய வாழ்க்கையில் சட்டையைவிட இதுதான் கவனிக்க வேண்டிய தகவல். சட்டைக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதைக் கிளப் பெயராக மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று சொல்வதில்லை.

1910க்கு வருவோம். அந்த வருஷத்து நாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மே 25: அர்ஜென்டினாவின் மே புரட்சிக்கு நூறு வருஷம், ஊரெல்லாம் திருவிழா. மே 31: நாலு காலனிகளும் சேர்ந்து தென் ஆப்பிரிக்க ஒன்றியம் பிறக்கிறது, சட்டப்படி ஒரு நாடாக. ஜூன் 12: நூற்றாண்டுக் கொண்டாட்டத்துக்கு வந்த பிரிட்டிஷ் அணியோடு அர்ஜென்டினா மோதுகிறது, அர்ஜென்டினா பக்கம் 38 வயசு ஹீட்லி. இல்லாத ஒரு நாட்டுக்கு ஆறு டெஸ்ட் ஆடியவர், அந்த நாடு பிறந்த பன்னிரண்டாவது நாள் வேறொரு நாட்டுக்கு ஆடுகிறார்!

வந்த அணியின் கதையும் இதே மாதிரி குழப்பம்தான். இங்கிலாந்து அணி என்ற பெயரில் கிளம்பினார்கள், உள்ளே ஸ்காட்லாந்துக்காரர்கள் மூன்று பேர், அதனால் உள்ளூரில் பிரிட்டிஷ் கூட்டணி என்றார்கள். கேப்டன் ஜான் ராஃபேல், பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர், யூதக் குடும்பம், இங்கிலாந்துக்கு ஆடியவர். ஏழு வருஷம் கழித்து மெசீன் போர்முனையில் காயம் பட்டுச் செத்துப்போனார். இந்தப் பயணத்தில் ஆறு ஆட்டம், ஆறிலும் ஜெயித்துவிட்டுப் போனார்கள். அர்ஜென்டினாவுக்கு எதிரான ஆட்டம் 28-3.

இந்த 28-3தான் அர்ஜென்டினாவின் முதல் டெஸ்ட் என்று இன்றைக்கு எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. அணியில் யார் யார்? கேப்டன் கெபி. கூட மோல்ட் மாதிரி பெயர்கள். ஸ்பானிஷ் பெயரைத் தேடித்தான் பிடிக்கணும். அர்ஜென்டினா என்றதும் நம் கண்ணுக்கு வருகிற நீலமும் வெள்ளையும் கோடு போட்ட சட்டைகூட டெஸ்ட்டில் வந்தது 1927இல்தான். பிரிட்டிஷ் கிளப்புகள் நடத்திய ஒரு யூனியன், தன் உறுப்பினர்களில் நல்லவர்களைப் பொறுக்கி, தாய்நாட்டில் இருந்து வந்த விருந்தாளிகளோடு ஆடிய ஆட்டம் என்றுதான் இதைச் சொல்லணும். டெஸ்ட் என்பது பின்னால் உட்கார்ந்து வைத்த பெயர்.

அதனால் அந்த ஆட்டம் பொய் என்று சொல்ல வரவில்லை. அடிபட்டு மிதிபட்டு ஆடியிருக்கிறார்கள், தோற்றிருக்கிறார்கள். என் சந்தேகம் அதைத் தொடக்கப் புள்ளியாக வைப்பதில்தான். பக்கத்து வீட்டுக் கால்பந்தைப் பாருங்கள். அங்கேயும் பிரிட்டிஷ்காரர்கள்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் அர்ஜென்டினாக் கால்பந்தின் கதையைச் சொன்னவர்கள் இரண்டு பிறப்பு என்று பிரித்துச் சொன்னார்கள். பிரிட்டிஷ்காரர் ஆரம்பித்தது ஒன்று. 1913இல் ரேசிங் கிளப் பட்டம் வென்றபோது உள்ளூர்க்காரர் கைக்கு வந்தது இன்னொன்று. இதில் இரண்டாவதைத்தான் அவர்கள் கொண்டாடுகிறார்கள்.

ரக்பியில் அதே மாதிரி ஒரு வருஷம் இருக்கா? இருக்கு. 1911. அந்த வருஷம் ரிவர் பிளேட் சாம்பியன் ஹிம்னாசியா இ எஸ்கிரிமா. பிரிட்டிஷ் அல்லாத கிளப் பட்டம் வென்றது அதுதான் முதல் தடவை, ரேசிங்குக்கு இரண்டு வருஷம் முன்னால். 1912இலும் அவர்களே. அந்தப் பட்டங்கள் பட்டியலில் ஒரு வரியாகக் கிடக்கின்றன. 28-3க்குக் கிடைக்கிற மரியாதையில் பாதிகூட இல்லை.

ஏன் இப்படி? கால்பந்துக்குத் தெருவும் பத்திரிகையும் சேர்ந்து ஒரு கதை எழுதின. ரக்பி கிளப்புக்குள்ளேயே இருந்தது, அதனால் கிளப்புக்காரர்கள் எழுதின கதையே நின்றது. கிளப்புக்காரர்களுக்குப் பெருமை எதில்? ட்விக்கன்ஹாமில் இருந்து ஒரு அணி கடல் தாண்டி வந்து எங்களோடு ஆடியது என்பதில். அடுத்த வருஷம் உள்ளூர்க்காரர்களிடம் பட்டத்தை விட்டதில் இல்லை. இன்றைக்கும் அர்ஜென்டினாவில் ரக்பி என்றால் வசதியான வீட்டுப் பையன்களின் ஆட்டம் என்கிற பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சின் ஒரு வேர் இங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது, அதையும் சொல்லிவிடணும். உள்ளூர்க்காரர் கிளப் என்று நான் கொண்டாடுகிற ஹிம்னாசியாவுக்கு ஆடியவர்களில் ஒருத்தர் இந்தக் கேப் டவுன் ஆங்கிலேயர். ஆனால் ஆட்டம் கை மாறுவது எப்போதும் இப்படித்தான் நடக்கிறது. ஸ்க்ரம்மில் எப்படித் தோள் கொடுக்கணும், லைன் அவுட்டில் எங்கே நிற்கணும் என்பதெல்லாம் 1891இல் இருந்து பிரிட்டிஷ் அணிகளோடு மோதி மோதித் தெரிந்துகொண்ட ஆளிடம் இருந்துதானே வரும்?

ஹீட்லியோடு இந்தப் போக்குவரத்து முடியவும் இல்லை. 1932இல் ஜூனியர் ஸ்பிரிங்பாக்ஸ் அர்ஜென்டினாவுக்கு வந்தபோது ஒரு ஆட்டத்தில் தங்கள் ஆட்கள் இரண்டு பேரை அர்ஜென்டினாவுக்கே கடன் கொடுத்தார்கள். 1965இல் நடாலின் ஐசக் வான் ஹியர்டன் பயிற்சி கொடுக்க, அர்ஜென்டினா தென் ஆப்பிரிக்கா போய் எல்லிஸ் பார்க்கில் ஜூனியர் ஸ்பிரிங்பாக்ஸை 11-6 என்று சாய்த்தது. சட்டையில் இருந்த ஜாகுவாரை அங்கே இருந்த ஒரு பத்திரிகைக்காரர் பூமா என்று தப்பாக எழுத, அதுவே அணியின் பெயராக நிலைத்தது. அர்ஜென்டினா அணியின் பெயரே தென் ஆப்பிரிக்காவில் கிடைத்ததுதான்!

அப்புறம் நிறவெறிக் காலம். உலகமே தென் ஆப்பிரிக்காவோடு விளையாட மாட்டேன் என்று ஒதுங்கியபோது, அர்ஜென்டினா ஆட்டக்காரர்கள் 'தென் அமெரிக்க ஜாகுவார்ஸ்' என்று வேறு பெயர் மாட்டிக்கொண்டு போய் ஆடினார்கள். 1982 ஏப்ரல் 3, புளூம்ஃபோன்டைனில் ஹூகோ போர்ட்டா அணியின் 21 புள்ளியையும் தனி ஆளாக எடுத்து ஸ்பிரிங்பாக்ஸைத் தோற்கடித்தார். ஆட்டமாகப் பார்த்தால் அற்புதம். ஆனால் எதிரே இருந்தது யாருடைய பச்சைச் சட்டை என்பதை மறந்துவிட்டு அதை ரசிக்க என்னால் முடிவதில்லை. அதே போர்ட்டா 1991இல் அர்ஜென்டினாவின் தூதராகத் தென் ஆப்பிரிக்காவுக்குப் போனார். 1995இல் மண்டேலா ஆறாம் எண் பச்சைச் சட்டையோடு மைதானத்துக்குள் வந்தார்.

ஹீட்லி 1920களில் கேப் டவுனுக்கே திரும்பிவிட்டார். 1951 ஆகஸ்டில் அங்கேயே காலமானார். அதே 1951இல்தான் அர்ஜென்டினா ரக்பி யூனியன் தன் பெயரில் இருந்த ரிவர் பிளேட்டை எடுத்துவிட்டு நாட்டின் பெயரைப் போட்டுக்கொண்டது. 2009இல் அவரை உலக ரக்பியின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், தென் ஆப்பிரிக்கர் என்று. புள்ளிவிவரப் பக்கங்களில் இன்றைக்கும் அவர் பெயருக்கு நேரே தென் ஆப்பிரிக்கா 6, அர்ஜென்டினா 1 என்றுதான் இருக்கும். ஹிம்னாசியாவுக்கு அங்கே கட்டமே கிடையாது.